பாறைப் பாதையில் ஜீப் பயணம்: குழுவாகச் செல்வது ஏன்? சட்டமும் காப்பீடும் சொல்வது என்ன?

மும்பை: மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களை வைத்திருப்போர், வார இறுதி நாட்களில் சஹ்யாத்ரி மலைப் பகுதிகளுக்குக் குழுவாகச் செல்வது வழக்கமாகி வருகிறது. செம்பூர், மாட்டுங்கா பகுதிகளில் இருந்து புறப்படுவோருக்கு சயான்-பன்வெல் நெடுஞ்சாலை வழியே லோனாவாலாவும், தாணே வழியே இகத்புரியும் சில மணி நேரத் தொலைவில் உள்ளன. ஆனால், நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஓட்டும் முறை முதல் பொருந்தும் விதிகள் வரை பலவும் மாறிவிடுகின்றன.

பாதையின் தன்மை

சஹ்யாத்ரியின் வடபகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கருங்கல் படுகையாகும். இப்பாறை உடையும்போது விளிம்புகள் கூர்மையாக அமைவதால், டயரின் பக்கவாட்டுப் பகுதி எளிதில் கிழிகிறது. பருவமழைக் காலத்தில் பாறைகளின் மீது பாசி படிந்து வழுக்கலும் சேர்ந்துகொள்கிறது.

வேகம் அல்ல, நிதானம்

பாறைப் பாதையில் வாகனம் நடை வேகத்தில்தான் செல்ல வேண்டும். இதற்கென உள்ள 'லோ ரேஞ்ச்' கியர், வேகத்தைக் குறைத்துச் சக்கரங்களுக்குக் கூடுதல் இழுவிசை தருகிறது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், எஞ்சினின் தடுப்பு விசையைக் கொண்டே இறங்க வேண்டும். டயரின் காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் பிடிமானம் கூடும். நெடுஞ்சாலைக்குத் திரும்பும் முன் மீண்டும் காற்று நிரப்புவது கட்டாயம். சக்கரம் கல்லில் மோதும்போது ஸ்டியரிங் திடீரெனச் சுழலும் என்பதால், கட்டைவிரல்களை வளையத்துக்கு வெளியே வைத்துப் பிடிக்குமாறு பயிற்சியாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.

2020-ஆம் ஆண்டு அறிமுகமான தார் வாகனத்தின் அடிப்பகுதி தரையில் இருந்து 226 மி.மீ. உயரத்தில் உள்ளது. அதைவிட உயரமான கல்லின் மீது சக்கரத்தை ஏற்றிக் கடக்கலாம். இரு சக்கரங்களுக்கு நடுவே விட்டுக் கடக்க முயன்றால் அடிப்பகுதி மோதிச் சேதமடையும்.

குழுவின் பணி என்ன?

எந்தக் கல் எந்தச் சக்கரத்தின் கீழ் வருகிறது என்பது ஓட்டுநர் இருக்கையில் இருந்து தெரியாது. ஆகவே, ஒருவர் இறங்கி, பாதுகாப்பான தொலைவில் முன்னால் நின்று கையசைத்து வழி சொல்வார். அவர் ஒருவரின் சைகையை மட்டுமே ஓட்டுநர் பின்பற்ற வேண்டும். சுற்றி நிற்கும் பலரும் ஒரே நேரத்தில் குரல் கொடுப்பது விபத்துக்கு வழிவகுக்கும்.

அனுபவம் மிக்கவரின் வண்டி முதலாவதாகவும், மீட்புக் கருவிகள் உள்ள வண்டி கடைசியாகவும் செல்லும். செங்குத்தான ஏற்றத்தில் ஒரு வண்டி மேலே சென்று சேரும் வரை அடுத்தது கீழேயே காத்திருக்க வேண்டும். ஏறும் வண்டி பின்னோக்கி வழுக்கினால் அதன் பாதையில் வேறு வண்டி இருக்கக் கூடாது. கைபேசி அலைவரிசை கிடைக்காத இடங்களில் வாக்கி-டாக்கி கைகொடுக்கும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த திறன் கருவிகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகள் உரிமத்தில் இருந்து விலக்கு அளித்துள்ளன.

மீட்பின்போதுதான் ஆபத்து

சிக்கிய வண்டியை இழுக்கும் பட்டை அறுந்தாலோ, அதன் கொக்கி கழன்றாலோ உயிரிழப்பு நேரிடலாம். எனவே, பட்டையை வாகனச் சட்டகத்துடன் இணைந்த இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரிலோ, டிரெய்லர் இணைக்கும் குமிழிலோ மாட்டக் கூடாது. பட்டையின் மேல் கனமான துணியைப் போட்டு, ஓட்டுநர்களைத் தவிர அனைவரும் பட்டையின் நீளத்தைவிட அதிகத் தொலைவுக்கு விலகி நிற்க வேண்டும்.

சட்டமும் காப்பீடும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி, சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். தனியார் நிலம் என்பதாலேயே பிரச்சினை இல்லை என்றும் கருதிவிட முடியாது. 2022-ஆம் ஆண்டு கேரள மாநிலம் வாகமண்ணில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்த ஆஃப்-ரோடு நிகழ்ச்சி தொடர்பாக, பங்கேற்ற திரைப்பட நடிகர் உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிவானது. 2023 டிசம்பரில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் சந்திரா ஆற்றுக்குள் வாகனத்தை ஓட்டிய சுற்றுலாப் பயணிக்குக் காவல் துறை அபராதம் விதித்தது.

தனிநபர் கார்களுக்கான வழக்கமான காப்பீட்டில் பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்குப் பாதுகாப்பு இல்லை. பயணத்துக்குப் 'போட்டி' என்று பெயரிட்டு, நேரம் குறித்து நடத்தினால் இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்புண்டு. எஞ்சினுக்குள் நீர் புகுந்து ஏற்படும் சேதத்துக்கும் பெரும்பாலும் தனிக் காப்பீடு தேவை.

புறப்படும் முன்

புதியவர்கள் முதலில் பயிற்சிக் களத்தில் பழகுவது நல்லது. இகத்புரியில் மஹிந்திரா நிறுவனம் அமைத்த பயிற்சி மையம் இத்தகைய களத்துக்கு ஓர் உதாரணம். தமிழகத்தின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியில் இருந்து செல்லும் கரடுமுரடான பாதையில், சுற்றுலாப் பயணிகளை உள்ளூர் ஜீப் ஓட்டுநர்களே அழைத்துச் செல்கின்றனர். பாதையை நன்கறிந்தவர் ஒருவர் உடன் இருப்பதன் அவசியத்தை இந்த நடைமுறை உணர்த்துகிறது.

நில உரிமையாளரின் அனுமதி, வனத் துறையின் நிபந்தனை, காப்பீட்டின் வரம்பு, மாற்று டயர், முதலுதவிப் பெட்டி ஆகிய ஐந்தையும் புறப்படுவதற்கு முந்தைய நாளே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பயணத்தைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பானது.