ஜருகண்டிக்கு முந்தைய சில மணி நேரம்

திருமலையில், 'ஜருகண்டி' (நகருங்கள்) என்று விரட்டுவதற்குள், சாமியைப் பார்ப்பது சில விநாடி, சக மனிதர்களைப் பார்ப்பது பல மணி நேரம். சாதாரண நாளிலேயே 60,000 பேருக்கு மேல் வந்துபோகும் மலையில், வைகுண்டம் க்யூ காம்ப்ளக்ஸில் பக்தர்கள் அடைபட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கம்பார்ட்மெண்டை எடுத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் எல்லோரும் அந்நியர்கள். தேவஸ்தானத்து உப்புமாவும் பாலும் வருவதற்குள் அங்கே ஒரு ஊர் உருவாகிவிடுகிறது. ஒற்றைத் துண்டை விரித்து எட்டுப் பேருக்கு இடம் பிடிப்பவர் ஒருவர். "போன தடவை ரெண்டே மணி நேரம்தான்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருப்பவர் இன்னொருவர். கதவுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டாலே போதும், "கோவிந்தா!" என்று மொத்தக் கூடமும் எழுந்து நிற்கும். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அசட்டுச் சிரிப்போடு உட்காரும். "இப்போ திறக்க மாட்டாங்க, உட்காருங்க" என்று அதட்டியவர்தான் முதல் ஆளாக எழுந்திருப்பார். அதை நாலு பேர் பார்த்தும் இருப்பார்கள்.

இப்படி ஒருவரையொருவர் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் என் வாதம். அங்கே யாரும் பார்வையாளராக மட்டும் இருந்துவிட முடியாது. பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறார், சிரிக்கிறவரும் சிரிப்புக்கு ஆளாகிறார். இதற்கு ஒரு சொலவடையே சாட்சி: அரைகுறையாக விட்ட வேலையைத் தெலுங்கில் 'திருப்பதி க்ஷவரம்' என்பார்கள். முடி காணிக்கை கொடுக்க வந்த ஆள் அடுத்த நாவிதரிடம் நழுவிவிடாதபடி, தலையில் ஒரு கீற்று மட்டும் மழித்து உட்காரவைத்துவிட்டு அடுத்த தலைக்குப் போய்விடுவார்களாம். நடந்ததோ, யாராவது கட்டிவிட்டதோ, காட்சி கச்சிதமானது. வரிசையாக உட்கார்ந்திருக்கும் அரை மொட்டைகள் ஒன்றையொன்று பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கலாம். முடியே கொடுக்காமல் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த உரிமை கொஞ்சம் குறைவு.

மலையிறங்கிச் சித்தூர்ப் பக்கம் போனால் மொழியே இந்தக் கணக்கை நேர்செய்கிறது. 1953 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த மாவட்டம் இது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது, 2022-ல் தனி மாவட்டமும் ஆனது. கோடுகள் நகர்ந்தாலும் நாக்குகள் நகரவில்லை. ஆகவே ரகசிய பாஷை என்று ஒன்று இந்த வட்டாரத்தில் எடுபடாது. வேலூரிலிருந்து வந்தவர் கடைக்காரரின் மீசையைப் பற்றித் தன் மனைவியிடம் தமிழில் ஏதாவது சொன்னால், "மீதி இருபது ரூபா வாங்கிக்கங்க சார்" என்று தமிழிலேயே பதில் வரும். மீசையைப் பற்றிப் பேச்சே இருக்காது, அதுதான் தண்டனை. இந்த மண்ணின் எழுத்திலும் இதே குணம். நாமினி சுப்ரமணியம் நாயுடு திருப்பதிப் பக்கத்துப் பேச்சுத் தெலுங்கிலேயே தன் ஊரையும் தன் வீட்டாரையும் எழுதிச் சிரிக்கவைத்தார். வெளியூர்க்காரன் எழுதியிருந்தால் நக்கலாகியிருக்கும். உள்ளே நின்றுகொண்டு எழுதியதால்தான் ஊர் தாங்கிக்கொண்டது.

மாறாக, 2024 ஜூலையில் தமிழ்நாட்டு யூடியூபர் ஒருவரும் கூட்டாளிகளும் திருமலையில் செய்த 'ப்ராங்க்' நினைவிருக்கலாம். தரிசன வரிசையில் காத்திருந்தவர்களிடம், கதவைத் திறந்துவிட வந்த ஊழியர்போல ஒருவர் பாவனை காட்டினார்; நம்பிக்கையோடு ஜனங்கள் எழுந்ததும் சிரித்தபடி ஓடினார். வீடியோ பரவியது, தேவஸ்தானம் கண்டித்து நடவடிக்கை எடுக்கப்போவதாக அறிவித்தது. "கூட்டம் தினமும் தானாகச் செய்யும் கோமாளித்தனத்தைத்தானே இவர்களும் செய்யவைத்தார்கள், இதில் என்ன குற்றம்?" என்று கேட்கலாம். பக்தி புண்பட்டது என்பது தேவஸ்தானத்தின் கவலை, அது இருக்கட்டும். கதவுச் சத்தத்துக்கு ஏமாறும்போது கேலி செய்பவரும் சேர்ந்தே ஏமாறுகிறார். கேமரா வைத்திருப்பவரோ எழுந்திருக்கவே வேண்டியதில்லை. ஏமாந்த முகங்களை லட்சம் பேர் பார்ப்பார்கள். அந்த முகங்கள் திரும்பிப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சிற்றூர்ப் பார்வையை இப்படிக் கொண்டாடலாமா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களை அளப்பது வம்பு, சில சமயம் வேவு. எந்தப் பெண் யாரோடு பைக்கில் போனாள் என்பது அவள் வீடு சேருமுன் வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறதே? உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நான் சொன்ன அளவுகோலிலேயே அந்த பெஞ்சும் தோற்கிறது. அங்கே ஆண்கள் மட்டுமே உட்காருகிறார்கள். அவர்கள் பார்க்கும் பெண் நின்று, எதிரே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு அவர்களைப் பார்க்க முடியாது. ஒருவழிப் பார்வை, செல்போன் கேமராவில் இருந்தாலும் டீ கிளாஸுக்குப் பின்னால் இருந்தாலும், ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்கட்டும் பெண்கள் அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறார்கள். விரல்கள் தாமாக முடிச்சுப் போட, கண்கள் ஓய்வாக இருக்கின்றன. முழுச் சமன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "ஆபீஸுக்குப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர் பெஞ்சில் எத்தனையாவது டீயில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் அவர் மனைவி மல்லிகை வாங்க அங்கேதான் வருவார்.