நாவின் கீழ் ஒரு குளிசை

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் வெற்றிலைக் கூறு வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோர், மருந்தியல் பிற்காலத்தில் விளக்கிய ஒரு வழியைச் சுண்ணாம்பின் துணையுடன் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். காரத்தன்மையுள்ள சுண்ணாம்பு, புகையிலையிலுள்ள நிக்கொட்டினை மின்னேற்றமற்ற வடிவுக்கு மாற்றிவிடுவதால், கொழுப்பாலான கல மென்சவ்வுகளை அது எளிதில் ஊடுருவி, விழுங்காமலேயே குருதியில் கலக்கிறது. கூடவே மெல்லப்படும் பாக்கும் புற்றுநோய்க் காரணியென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியமையால், இவ்வழியைப் போற்ற இடமில்லை. ஆனால் வழி நஞ்சுக்கும் மருந்துக்கும் ஒன்றே.

நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கப்படும் ஜீ.ரீ.என். எனும் கிளிசரைல் ட்ரைநைட்ரேட் குளிசை இவ்வழியால்தான் பயனளிக்கிறது. விழுங்கப்படும் மருந்து குடலிலிருந்து முதலில் ஈரலுக்கே செல்வதாலும், அங்கு இம்மருந்தின் பெரும்பகுதி சிதைக்கப்படுவதாலும், அதே குளிசையைத் தேநீருடன் விழுங்குபவருக்கு ஏறக்குறைய ஒன்றும் கிட்டாது. நாவடி நாளங்களின் குருதியோ ஈரலைத் தொடாமல் கழுத்து நாளம் வழியே இதயத்தை அடைவதால், ஓரிரு நிமிடங்களில் குருதிக் குழாய்கள் விரிந்து இதயத்தின் சுமை குறைகிறது. 1879 இல் இதனை 'லான்செட்' இதழில் எழுதிய லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல், முதலில் தம் நாவிலேயே சோதித்துக் கடும் தலைவலியை அனுபவித்தார். இன்றைய நோயாளர் பலரும் முறையிடும் தலைவலி அதுவே.

இக்குளிசையின் பலவீனம் அது ஆவியாவதாகும். பிளாஸ்டிக்கும் பஞ்சும் மருந்தை உறிஞ்சிக்கொள்வதாலும் வெப்பம் அதனைச் சிதைப்பதாலும், இறுக மூடிய நிறக் கண்ணாடிப் போத்தலிலேயே அதை வைக்கவேண்டும். குளிசைகளை எண்ணிச் சிறு கடதாசி உறையிலிட்டு வேளையை எழுதித் தரும் வழக்கம் ஏனையவற்றுக்குச் சரி, ஜீ.ரீ.என்.னை அவ்வாறு உறையிலிட்டுச் சட்டைப்பையில் வெள்ளவத்தைப் பகல் வெயிலில் கொண்டு திரிபவர், நோ வரும் நாளில் வீரியம் குன்றிய குளிசையையே வாயிலிட நேரும். போத்தலைத் திறந்து எட்டு வாரங்களானால் மீதியைக் கழித்துவிடுவதே பொதுவான அறிவுரை.

குருதி அமுக்கம் சட்டென இறங்கித் தலைசுற்றக்கூடும் என்பதால் அமர்ந்தே குளிசையை நாவின் கீழ் வைக்கவேண்டும். உமிழ்நீர் குறைந்த முதியவர் முன்னதாக ஒரு மிடறு நீரால் வாயை நனைப்பது நன்று. ஐந்து நிமிடத்தில் நோ தணியாவிடில், 2016 முதல் இலங்கையில் இயங்கும் இலவச 'சுவசெரிய' அம்புலன்ஸை 1990 என்னும் தொலைபேசி எண்ணில் அழைக்கவேண்டுமேயன்றி, முச்சக்கரவண்டி தேடி வீதிக்கு இறங்கக்கூடாது.