பருத்திக்காட்டில் சிங்கம்

ஆசியச் சிங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட ‘கிர் காடு’ என்று சொல்லிவிடும். இன்றைக்கு அது பாதி விடைதான். 2025 மே மாதம் குஜராத் அரசு எடுத்த கணக்கில் 891 சிங்கங்கள் தேறின. கிர் தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் உள்ளே இருந்தவை 384. மீதி 507-ம் வெளியே. கிர்னார், பர்தா போன்ற சிறு சரணாலயங்களில் கொஞ்சம் இருக்கின்றன. மற்றவை ஆற்றங்கரை, தரிசு, மாந்தோப்பு, நிலக்கடலை வயல், பருத்திக்காடு என்று 11 மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது வேட்டையில் அழிந்தது போக எஞ்சியவை மிகச் சில. ஜூனாகத் நவாபுகள் வேட்டையைக் கட்டுப்படுத்தியதால் இந்த இனம் தப்பியது. 1968-இல் 177 இருந்தன. 1965-இல் சரணாலயமும் 1975-இல் தேசியப் பூங்காவும் வந்தபின் எண்ணிக்கை மெல்ல ஏறியது. ஆனால் காடு சுமார் 1,400 சதுர கிலோமீட்டர்தான், அது வளரவில்லை. வயதுக்கு வந்த இளம் ஆண் சிங்கத்தைக் கூட்டத்துப் பெரிய ஆண்கள் விரட்டிவிடும். அது போய்த்தானே ஆகவேண்டும்? சேத்ருஞ்சி ஆற்றை ஒட்டி அம்ரேலி, பாவ்நகர் பக்கம் இறங்கின. பகலில் ஒளிந்து படுக்க அங்கே இடம் கொடுத்தது எது தெரியுமா? நாம் வெட்டி மாளாமல் திட்டிக்கொண்டிருக்கும் அதே சீமைக்கருவேலம்.

ஊருக்குள் சிங்கம் வந்தால் சனங்கள் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்? பக்தி, பாரம்பரியம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அதுவும் உண்டு. எனக்கென்னவோ கணக்குப் பார்த்துத்தான் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது. நீல்காய் மானும் காட்டுப்பன்றியும் ஒரே இரவில் ஒரு வெள்ளாமையை என்ன பாடுபடுத்தும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கம் நடமாடும் வயலில் அவற்றின் தொல்லை குறையும். ஊருக்கு வெளியே போடும் செத்த மாடும், கறவை வற்றி அவிழ்த்துவிட்ட மாடும் சிங்கத்துக்கு இரையாகின்றன. வளர்ப்பு மாட்டை அடித்தால் வனத்துறை இழப்பீடு தருகிறது. நிலம் உள்ளவனுக்கு இந்தக் கணக்கு கட்டுபடியாகும்.

நிலமில்லாமல் மாட்டையே நம்பிப் பிழைக்கும் மால்தாரி மேய்ப்பர்களுக்கு அப்படியில்லை. நல்ல கறவை எருமை ஒன்று போனால் இழப்பீடு அதன் சந்தை விலைக்கு ஈடாவதில்லை என்பது அவர்களுடைய பழைய முறையீடு. இன்னொருவர் கூலியாள். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இரவில் வந்தால், அவர் இரவில்தான் பாத்தி திருப்ப வேண்டும். கையில் மண்வெட்டியும் ஒரு டார்ச்சும். குனிந்து மடை மாற்றுகிறவரை, இருட்டில் நாலு கால் பிராணி என்று சிங்கம் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். விவசாயத்துக்குப் பகலில் மின்சாரம் தரும் திட்டத்தை குஜராத் 2020-இல் தொடங்கியபோது, சிங்கப் பகுதி விவசாயிகள் அதை ஆவலோடு எதிர்பார்த்ததற்கு இதுவே காரணம்.

சிங்கம் எப்போது மனிதரைத் தாக்குகிறது என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. 1994-இல் வெளிவந்தது. எழுதிய நால்வரில் ஒருவர் நம் நாங்குநேரிக்காரர், காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங். 1978 முதல் 1991 வரை 193 தாக்குதல்கள் பதிவாகியிருந்தன. ஆண்டுக்கு ஏழு என்றிருந்தது, 1987–88 வறட்சிக்குப் பிறகு ஆண்டுக்கு நாற்பதாக எகிறியது. வறட்சியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதுவரை சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதற்காகக் கால்நடையை இரையாகக் கட்டிச் சிங்கத்தை வரவழைக்கும் ‘காட்சி’ நடந்துவந்தது. 1987-இல் அதை நிறுத்தினார்கள். மனிதர் பக்கத்தில் நின்று இரை கொடுத்துப் பழக்கிய விலங்கு, இரை நின்றபின் ஊர்ப்பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

செய்யவேண்டிய வேலைகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் சிங்கங்கள் விழுந்து செத்தன. ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் எழுப்பினார்கள். காவலுக்குப் படுப்பவர்களுக்குப் பரண் கட்டிக் கொடுத்தார்கள். ‘வன்யபிராணி மித்ரா’ என்று கிராமத்து ஆட்களையே தகவல் சொல்லவும் கூட்டத்தை விலக்கவும் அமர்த்தினார்கள். பீபாவாவ் துறைமுகத்துக்குப் போகும் ரயில்பாதையில் சிங்கங்கள் அடிபடுவது மட்டும் இன்னும் முழுக்க நிற்கவில்லை.

பெரிய வேலை ஒன்று நடக்காமலே கிடக்கிறது. உலகத்தில் காட்டில் வாழும் ஆசியச் சிங்கம் அத்தனையும் இந்த ஒரே வட்டாரத்தில். 2018-இல் கிர் காட்டின் ஒரு சரகத்தில் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை செத்தன. நாய்களிடமிருந்து பரவக்கூடிய கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் பலவற்றிடம் கண்டுபிடிக்கப்பட்டது. இதே நோய் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றிலொரு பங்கு சிங்கத்தைக் கொண்டுபோனது. ஊர் நாயும் சிங்கமும் ஒரே செத்த மாட்டைத் தின்னும் இடத்தில் இந்த ஆபத்து தீராது. மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குச் சில சிங்கங்களை மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆறு மாத அவகாசம். அவற்றுக்காகவே 24 கிராமங்களைக் காலிசெய்தும் வைத்திருந்தார்கள். ஒரு சிங்கமும் போகவில்லை. 2022-இல் அங்கே நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. பர்தாவுக்குச் சிங்கம் தானாகவே போய்ச் சேர்ந்ததைக் காட்டி, இரண்டாம் வீடு கிடைத்துவிட்டது என்கிறது குஜராத். அதே மாநிலத்தில், அதே சௌராஷ்டிரத்தில் இருக்கும் வீட்டை இரண்டாம் வீடு என்று நான் ஏற்கமாட்டேன்.

கிர் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. சாசனிலும் தேவாலியாவிலும் வனத்துறையே சஃபாரி நடத்துகிறது, அதில் போங்கள். “தோட்டத்துக்கு வாங்க, ராத்திரி சிங்கம் காட்டுறேன்” என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். கட்டிவைத்த இரையைக் காட்டி நடத்தும் காட்சி அது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.