சறுக்கு மரத்தில் ஏறிய ஆறு!

நூற்றுக் கணக்கான மைல் ஓடும் ஆறுகளைப் பற்றி எவ்வளவோ கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறந்த ஊரின் எல்லையைக் கூடத் தாண்டாத ஆறு ஒன்று உண்டு, தெரியுமா?

அமெரிக்காவில், டெக்ஸாஸ் ராஜ்யத்தில், ஆஸ்டின் நகருக்கும் சான் அன்டோனியோ நகருக்கும் நடுவே நியூ பிரான்பெல்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஓடும் கோமல் ஆற்றின் நீளம் சுமார் இரண்டரை மைல்தான்! ஊருக்குள் ஊற்றாகப் புறப்பட்டு, ஊருக்குள்ளேயே குவாடலூப் என்ற ஆற்றில் கலந்து விடுகிறது.

இந்தக் குட்டி ஆற்றை நம்பித்தான், உலகம் முழுதும் பேசப்பட்ட ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா எழுந்தது. அதன் பெயர் 'ஷ்லிட்டர்பான்'. சட்டென்று வாயில் நுழையாத பெயர்தான். ஜெர்மன் பாஷையை ஒட்டி வைத்த பெயர். 'வழுக்குப் பாதை' என்று பொருள் கொள்ளலாம்.

டெக்ஸாஸில் ஜெர்மன் பெயர் எங்கிருந்து வந்தது? 1845-ம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அமைத்த ஊர் அது. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், சோல்ம்ஸ்-பிரான்பெல்ஸ் வம்சத்தைச் சேர்ந்த கார்ல் என்னும் இளவரசர். தமது குடும்பத்தின் பெயரை ஊருக்கு வைத்து விட்டு, அந்த ஆண்டே அவர் தாய்நாடு திரும்பி விட்டார்! கூட வந்த குடியானவர்களும் தொழிலாளிகளும் அங்கேயே தங்கினார்கள். ஆற்றின் வேகத்தைக் கொண்டு மாவு மில்களை ஓட்டினார்கள்.

லாரி டியூப் சவாரி

கோமல் ஊற்றுத் தண்ணீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். அதாவது, சுமார் 72 டிகிரி பாரன்ஹீட். டெக்ஸாஸ் வெயிலோ 100 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? காற்றடைத்த லாரி டியூபின் நடுவே உட்கார்ந்து, ஆறு இழுத்த இழுப்புக்கு மிதந்து போவது அந்த ஊரின் கோடை வழக்கமாயிற்று. அணை குறுக்கிடும் இடத்தில், டியூபோடு வழுக்கி இறங்குவதற்கென்றே ஒரு தனி வாய்க்கால் உண்டு.

இந்த ஆற்றங்கரையில் 'கேம்ப் லாண்டா' என்று ஓர் உல்லாச விடுதி இருந்தது. 1966-ல் பாப் ஹென்ரியும் அவர் மனைவி பில்லியும் அதை வாங்கினார்கள். அவர்களுக்கு கேரி, ஜெஃப், ஜானா என்று மூன்று பிள்ளைகள். குடும்பமே சேர்ந்து விடுதியை நடத்தியது.

1977-ல் பிளாரிடா ராஜ்யத்து ஆர்லாண்டோ நகரில், ஜார்ஜ் மில்லே என்பவர் 'வெட் அண்ட் வைல்ட்' என்ற நீர்ப் பூங்காவைத் திறந்தார். இந்தக் கால நீர்ப் பூங்காக்களுக்கெல்லாம் அதையே முன்னோடி என்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1979-ல், ஹென்ரி குடும்பத்தாரும் நான்கே நான்கு சறுக்கு மரங்களோடு கடை விரித்தார்கள். அதற்காக அவர்கள் எழுப்பிய கோபுரம், ஜெர்மனியில் இளவரசரின் வம்சத்தாருக்குரிய கோட்டையின் கோபுரத்தைப் பார்த்துச் செய்தது. இளவரசர் திரும்பிப் போனாலும், அவர் வீட்டுக் கோபுரம் டெக்ஸாஸுக்கு வந்து சேர்ந்து விட்டது!

இனிமேல்தான் விசேஷம். மற்ற இடங்களில் தொட்டி கட்டி, மருந்து கலந்து, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுழல விடுவார்கள். இங்கே கோமல் ஆற்றுத் தண்ணீரையே பம்பு வைத்து மேலே ஏற்றினார்கள். அது சறுக்கு மரங்களில் குழந்தைகளைத் தள்ளிக் கொண்டு இறங்கி, மறுபடி ஆற்றுக்கே போய்ச் சேர்ந்தது. கடன் வாங்கிய தண்ணீர் கையோடு திரும்பி விடும். குளோரின் நெடி கிடையாது. கண் எரிச்சல் கிடையாது. முதல் முக்கில் பல் கிடுகிடுக்கும், அவ்வளவுதான்!

அந்த நாளில் அங்கே போய் வந்தவர்களைக் கேட்டால், சறுக்கு மரத்துக்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். வீட்டிலிருந்து கட்டிக் கொண்டு போன சாப்பாட்டை உள்ளே வைத்துச் சாப்பிட அப்போது அனுமதித்தார்கள். வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கவில்லை. மிதக்க டியூபும் இலவசமாகக் கிடைத்தது. மர நிழலில் கூடையை வைத்து விட்டு, பாட்டி காவலிருக்க, பேரப் பிள்ளைகள் பொழுது சாயும் வரை தண்ணீரிலேயே கிடக்க முடிந்தது. சுண்டல் பொட்டலத்தைக் கூட வாசலில் பறிக்கும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மேட்டில் ஏறும் தண்ணீர்

பிள்ளைகளில் ஜெஃப் ஹென்ரிக்குப் புதிது புதிதாக எதையாவது செய்து பார்ப்பதில் ஆசை. 1991-ல் கடலில்லாத ஊருக்குள் ஓர் அலையைக் கொண்டு வந்தார்கள். மெத்தை போன்ற சரிவின் மேல் மெல்லிய தகடு போலத் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சினால், அலை நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் மேல் பலகை போட்டுச் சவாரி செய்யலாம். 1994-ல் அதை விட அதிசயம்! குழாய் வழியே பீறிடும் தண்ணீர், டியூபில் உட்கார்ந்தவர்களை மேட்டின் மேல் தள்ளி ஏற்றியது. சறுக்கு மரம் என்றால் இறங்கத்தான் வேண்டும் என்ற வழக்கமே மாறி விட்டது. 1998 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து, கேளிக்கைத் தொழிலுக்கான பத்திரிகை ஒன்று சிறந்த நீர்ப் பூங்காவுக்கு வழங்கும் விருதை ஷ்லிட்டர்பான் தட்டிச் சென்றது.

புகழ் வளர, கிளைகளும் வளர்ந்தன. கால்வெஸ்டனில் ஒன்று, கான்ஸாஸ் ராஜ்யத்தின் கான்ஸாஸ் நகரில் ஒன்று. அந்தக் கான்ஸாஸ் பூங்காவில் 2014-ல் 168 அடி 7 அங்குல உயரச் சறுக்கு மரம் ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'வெர்ரூக்ட்'. ஜெர்மன் மொழியில் 'பைத்தியம்' என்று அர்த்தம். உலகத்திலேயே உயரமானது என்ற பட்டம் கிடைத்தது. எதற்கு அந்தப் பட்டம்? 2016 ஆகஸ்டில் ஒரு ரப்பர்ப் படகு மேட்டில் எகிறி, வலையைத் தாங்கிய இரும்பு வளையத்தில் மோதியது. 10 வயதுப் பையன் ஒருவன் உயிர் இழந்தான்.

அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜெஃப் ஹென்ரி மீதும் இன்னும் சிலர் மீதும் 2018-ல் வழக்குத் தொடர்ந்தார்கள். ஜூரிகளுக்குக் காட்டக் கூடாத ஆதாரங்களைக் காட்டி விட்டார்கள் என்று, 2019-ல் நீதிபதி வழக்கைத் தள்ளி விட்டார். சறுக்கு மரத்தை அதற்கு முன்பே பிரித்து விட்டார்கள். கான்ஸாஸ் பூங்கா மூடப்பட்டது. 2019-லேயே நியூ பிரான்பெல்ஸ் பூங்காவும் கால்வெஸ்டன் பூங்காவும் 26 கோடியே 10 லட்சம் டாலருக்கு வேறு கம்பெனிக்குக் கைமாறின. நாலு சறுக்கு மரத்தோடு தொடங்கிய குடும்பத்தின் கையை விட்டுப் பூங்கா போயிற்று.

வற்றிய ஊற்று

ஆற்றின் கதை வேறு. 1956-ல் டெக்ஸாஸில் கொடிய வறட்சி. அந்தக் கோடையில் கோமல் ஊற்று நின்றே போயிற்று. ஏறக்குறைய ஐந்து மாதம் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்த ஊற்றுக்குத் தண்ணீர் தருவது பூமிக்கடியில் உள்ள எட்வர்ட்ஸ் என்ற சுண்ணாம்புப் பாறைப் படுகை. சான் அன்டோனியோ நகரமும் சுற்றுப்புற விவசாயிகளும் கிணறு வைத்து இறைப்பதும் அதே படுகையில்தான். இறைப்பு மிஞ்சினால் ஊற்று ஒடுங்கும். வழக்கு மன்றம் வரை போய், 1993-ல்தான் இறைப்புக்கு வரம்பு கட்ட ஓர் ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது.

அந்த வழக்குக்குக் காரணமாக இருந்த உயிர்களில் ஒன்று, ஓர் அங்குல நீளமே உள்ள 'டார்ட்டர்' மீன். 1950-களில் அது கோமல் ஆற்றிலிருந்து அடியோடு மறைந்து போயிருந்தது. பக்கத்து சான் மார்க்கோஸ் ஆற்றிலிருந்து பிடித்து வந்து, 1970-களில் மறுபடி விட்டார்கள். அது பிழைத்துப் பெருகியது. கோபுரத்தின் மேல் பம்பு தண்ணீர் ஏற்றத் தொடங்கியபோது, கீழே ஆற்றில் அந்த மீன்களும் இருந்தன.