காவற்கண்ணும் பனித்துளியும்

வீட்டு வாயிலிலும், கடைத்தெருவிலும், நாற்சந்தியிலும் கண்காணிப்புக் காமிராக்கள் அமைந்திருத்தலை இக்காலத்தில் நாம் எங்கும் காண்கின்றோம். அவை அல்லும் பகலும் உறக்கமின்றிக் காவல் புரிவன. களவு போன பொருளைத் தேடவும், விபத்தின் காரணத்தை அறியவும், வழிதவறிய குழந்தை சென்ற திசையைக் காணவும் அவை எடுத்த படங்கள் துணைநிற்கின்றன. ஆயினும், குளிர்காலத்தில் இக்காவற்கண்களுக்கு ஒரு நோய் வருவதுண்டு. கண்ணாடியின் உட்புறத்தே நீர்த்துளிகள் படிந்து பார்வையை மறைத்தலே அந்நோய். அதன் காரணத்தையும், அதனைத் தடுக்கும் வழிகளையும் இங்கு ஆராய்வோம்.

குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே நீர் முத்துமுத்தாக அரும்புதலை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்நீர் செம்பிலிருந்து கசிந்ததன்று, காற்றிலிருந்து வந்ததாகும். காற்றில் நீராவி கண்ணுக்குப் புலனாகாது கலந்துள்ளது. வெப்பம் மிகுந்த காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று சிறிதளவே தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. 20 பாகையில் 17 கிராமும், 10 பாகையில் 9 கிராமும், 0 பாகையில் 5 கிராமுமே தாங்கும். காற்றுக் குளிரக் குளிர, ஒரு நிலையில் அதிலுள்ள நீராவி இனித் தாங்கவியலாத எல்லையை எய்தும். அவ்வெப்பநிலையே பனிநிலை எனப்படும். அதற்குக் கீழே குளிர்ந்த பொருள்களின் மீது நீராவி துளியாகப் படியும்.

இதனை நீலகிரியில் வைத்துக் காண்போம். உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்குப் பகலில் இளவெயில் காயும். விடியற்காலையிலோ புல்வெளிகளில் உறைபனி படர்ந்திருக்கும். 20 பாகை வெப்பத்தில், ஒரு கன மீட்டருக்கு 12 கிராம் நீராவியுள்ள காற்றோடு ஒரு காமிராவின் கூடு மூடப்பட்டதாகக் கொள்வோம். இரவில் கூடு 5 பாகைக்குக் குளிர்ந்தால் அக்காற்று 7 கிராமையே தாங்கும். எஞ்சிய 5 கிராம் நீராகும். கூட்டின் உள்ளிடம் அரை லிட்டராயின், அந்நீர் ஓர் எள்ளின் எடையளவே இருக்கும். ஆனால், அச்சிறு நீரும் நுண்துளிகளாய்ப் பரவினால் கண்ணாடி மங்கிவிடும். இருளில் காண்பதற்குக் காமிராவே வீசும் அகச்சிவப்புக் கதிர்கள் அத்துளிகளிற் பட்டுச் சிதறுவதால், படத்தில் வெண்புகை சூழ்ந்தாற் போலத் தோன்றும். காவல் மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே காவற்கண் குருடாகின்றது.

துளிகள் கண்ணாடியில் முதலிற் படிவதேன்? திறந்த வானத்தை நோக்கிய பொருள்கள் இரவில் வெப்பத்தை வீசிச் சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துவிடுகின்றன. பனி தோன்றுதற்கு இதுவே காரணம் என்பதை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இனி, தடுக்கும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, ஈரம் புகாமற் காத்தல். மழையிலும் மூடுபனியிலும் கூட்டைத் திறத்தலாகாது. ரப்பர் வளையம் வெடிப்பின்றிச் செவ்வையாகப் பொருந்தியிருத்தல் வேண்டும். மின்கம்பி கூட்டினுள் நுழையுமுன் கீழ்நோக்கி வளைந்து பின் மேலேறுமாறு அமைத்தால், கம்பி வழியே வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். ஐ.பி. 66 என்னும் குறி தூசியையும் நீர்ப்பாய்ச்சலையும் கூடு தடுக்கும் என்பதற்கே சான்று; உள்ளே முன்னரே அடைபட்ட நீராவிக்கு அது மருந்தன்று.

இரண்டாவது, உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சுதல். சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்தால் அது நீராவியை ஈர்த்துக்கொள்ளும். ஈரம் நிறைந்தபின் அது பயன்படாதாகலின், காலந்தோறும் மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, கூட்டினை மூச்சுவிடச் செய்தல். முற்றும் மூடிய கூடு 30 பாகையிலிருந்து 5 பாகைக்குக் குளிர்ந்தால், உள்ளழுத்தம் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு குறையும். அதனால் சிறு இடுக்கு இருப்பினும் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். நாள்தோறும் இவ்வாறு நிகழின் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஆதலின், நீர்த்துளியைத் தடுத்துக் காற்றையும் ஆவியையும் மட்டும் விடும் நுண்துளைச் சவ்வைச் சில கூடுகளில் பொருத்துகின்றனர்.

நான்காவது, கண்ணாடியைச் சற்று வெப்பமாக வைத்தல். அது பனிநிலையினும் சில பாகை மிகுந்திருந்தாற் போதும், துளி படியாது. இதன்பொருட்டுச் சிறிய மின்சூடேற்றியை அமைப்பதுண்டு. காமிரா இயங்கும்போது தானும் வெப்பம் தருமாகையால், குளிரிரவில் அதனை நிறுத்தாதிருத்தலே நன்று. மேலே ஒரு மறைப்பு நீண்டிருப்பின், கண்ணாடி வானத்திற்கு வெப்பத்தை இழப்பதும் குறையும்.

முன்னரே துளி படிந்திருப்பின், புறத்தே துடைப்பதாற் பயனில்லை. மின்னிணைப்பை நீக்கி, உலர்ந்த அறையில் திறந்து, ஈரம் போக்கிப் பொட்டலத்தையும் மாற்றி மூடுதல் வேண்டும். நெருப்பருகே காட்டுதல் கூடாது.

பிறரைக் காக்கும் கருவிக்கும் காவல் வேண்டும். குளிர் வருமுன்னரே ஒருநாள் அதனைப் பேணுவோர்க்கு நெடுநாள் அது கண்ணாக நின்று உதவும்.