ஃபிரிட்ஜ் ஏன் தீப்பிடிக்கிறது? கம்பெனி ‘திரும்பக் கொடுங்க’ன்னு சொன்னா அது பழவேற்காடு வரை வந்து சேருமா?

வீட்டுல 24 மணி நேரமும், வருஷம் 365 நாளும் ஓடுற மெஷின் எது? ஃபேனை நிறுத்துவோம். டிவியை நிறுத்துவோம். ஃபிரிட்ஜை மட்டும் நிறுத்தவே மாட்டோம். நாம தூங்கும்போதும் அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதனால்தான் ஃபிரிட்ஜில் தீப்பிடித்தால், பெரும்பாலும் யாரும் கவனிக்காத நேரத்தில் பிடிக்கிறது.

2022 நவம்பர் 4, அதிகாலை. செங்கல்பட்டு மாவட்டம் கூடுவாஞ்சேரி அருகே ஊரப்பாக்கத்தில், நீண்ட நாள் பூட்டிக்கிடந்த ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடும்பத்தினர் திரும்பி வந்து தங்கியிருந்தனர். ஃபிரிட்ஜ் வெடித்து வீடு முழுக்கப் புகை சூழ்ந்தது. மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தனர். அதற்கு முன்பு, 2019 ஜூனில் தாம்பரம் அருகே சேலையூரிலும் ஃபிரிட்ஜில் ஏற்பட்ட மின்கசிவால் ஒரே வீட்டில் மூன்று பேர் உயிரிழந்தனர்.

இது ஏதோ நகரத்து ஃபிளாட் பிரச்சனை என்று நினைத்தால் தவறு. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில் இந்த ஆபத்துக்குக் காரணங்கள் இன்னும் அதிகம். ஏன்? தெரிஞ்சுக்க என்ன செய்யணும்? பார்க்கலாம்.

முதலில், ‘ரீகால்’ என்றால் என்ன?

ஒரு பொருள் விற்ற பிறகு, அதில் உயிருக்கு ஆபத்தான குறை இருப்பது தெரிய வந்தால், கம்பெனியே அறிவித்து அதைத் திரும்பப் பெறுவது அல்லது இலவசமாகச் சரிசெய்து தருவதுதான் ரீகால். கார், பைக் விஷயத்தில் அடிக்கடி கேள்விப்பட்டிருப்போம். ஃபிரிட்ஜுக்கும் இது உண்டு.

இதில் மிகப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. அங்கே வீடு மாதிரியே சமையலறை, படுக்கை எல்லாம் வைத்த கேரவன் வண்டிகளில் சுற்றுலா போவது சகஜம். அந்த வண்டிகளில் இருக்கும் ஃபிரிட்ஜ் நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரசரில் ஓடாது. கேஸ் அடுப்பு மாதிரி ஒரு சின்ன தீச்சுடர் வைத்து, குழாயில் இருக்கும் அம்மோனியா கரைசலைச் சூடாக்கும். கூடவே ஹைட்ரஜன் வாயுவும் இருக்கும். சூடுதான் குளிரை உருவாக்குகிறது! கரண்ட் இல்லாத இடத்திலும் எல்பிஜி சிலிண்டரில் ஓடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

சிக்கல் எங்கே வந்தது? அந்தக் குழாய் வருடக்கணக்கில் சூடாகி, ஆறி, திரும்பச் சூடாகி, ஒரு கட்டத்தில் விரிசல் விடுகிறது. அழுத்தத்தில் இருக்கும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் வெளியே வருகின்றன. பக்கத்திலேயே தீச்சுடர். அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

2006ஆம் ஆண்டு டோமெட்டிக் என்ற நிறுவனம், 1997க்கும் 2003க்கும் இடையில் தயாரான 9 லட்சத்து 26 ஆயிரத்துக்கும் அதிகமான ஃபிரிட்ஜ்களுக்கு ரீகால் அறிவித்தது. 2010இல் நார்கோல்டு நிறுவனமும் தனது 1200 வரிசை ஃபிரிட்ஜ்களுக்கு ரீகால் அறிவித்தது. கூடுதல் பாதுகாப்புக் கருவிகளை இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார்கள்.

எல்லா நேரமும் ரீகால் வருமா?

வராது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தது நினைவிருக்கும். நான்காவது மாடி வீடு ஒன்றில் இருந்த பெரிய ஃபிரிட்ஜில் ஏற்பட்ட மின்கோளாறுதான் தொடக்கம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பொருள்தான் தீயை மேலே கொண்டுபோனது. ஆனால் அந்த ஃபிரிட்ஜ் மாடலை ஆராய்ந்த பிரிட்டன் அரசு, ரீகால் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம்: ‘ரீகால் வரலை, அதனால என் ஃபிரிட்ஜ் சேஃப்’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நம்ம வீட்டு ஃபிரிட்ஜில் எரியக்கூடியது எது?

மூன்று விஷயங்கள்.

1. கேஸ்: இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது. ஓசோன் படலத்துக்குக் கெடுதல் செய்யாது, கரண்டும் மிச்சம். ஆனால் இது சமையல் கேஸின் சொந்தக்காரன், தீப்பிடிக்கும். அளவு சில பத்து கிராம்தான் என்பதால் சாதாரணமாகப் பெரிய ஆபத்து இல்லை. லீக்காகி, காற்றோட்டமில்லாத இடத்தில் தேங்கி, ஒரு பொறியும் கிடைத்தால்தான் வெடிக்கும்.

2. உடம்பு: ஃபிரிட்ஜ் சுவருக்குள் குளிர் வெளியே போகாமல் இருக்க பாலியூரித்தேன் நுரை அடைத்திருப்பார்கள். உள்ளே முழுக்க பிளாஸ்டிக். தீ பிடித்தால் வேகமாக எரியும். கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட விஷப்புகை வரும். தீ உடம்பைத் தொடும் முன்பே புகை உயிரை எடுத்துவிடும்.

3. மின் பாகங்கள்: கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலே, கெப்பாசிட்டர், வயர் இணைப்புகள், பிளக். பொறி கிளம்புவது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

சரி, பழவேற்காட்டுக்கு என்ன தனி ஆபத்து?

ஒரு பக்கம் உப்பங்கழி, இன்னொரு பக்கம் வங்கக்கடல். காற்றே உப்புக்காற்று. கடலோரத்தில் இரும்பு துருப்பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது வேறு: பிளக் பின், சுவிட்ச் போர்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் இணைப்புகள் எல்லாம் பச்சை பூத்துப்போகும். பித்தளையும் செம்பும் அப்படிப் பூத்தால், அந்த இடத்தில் கரண்ட் போகத் தடை அதிகமாகும். தடை அதிகமானால் சூடு அதிகமாகும். பிளாஸ்டிக் கருகும். பிறகு தீ.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ‘வீட்ல எம்சிபி இருக்கு, ட்ரிப் ஆயிடும்’ என்று நினைப்போம். எம்சிபி, கரண்ட் அளவுக்கு மீறி ஓடினால்தான் ட்ரிப் ஆகும். லூஸ் இணைப்பில் கரண்ட் அளவு கூடுவதில்லை, சூடு மட்டும்தான் கூடும். ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்சிசிபியும் இதைக் கண்டுபிடிக்காது. அதாவது, சுவிட்ச் போர்டு கருகிக்கொண்டே இருக்கும், எந்தக் காவலும் எட்டிப் பார்க்காது. உங்கள் கையும் மூக்கும்தான் காவல்.

அடுத்தது வோல்டேஜ். மின் லைனின் கடைசியில் இருக்கும் ஊர்களில் வோல்டேஜ் இறங்குவது வழக்கம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ரொம்பக் குறைந்தால் கம்ப்ரசரால் சுற்ற முடியாது. திணறி, கூடுதல் கரண்டை இழுத்துச் சூடாகும். ‘டக்... டக்’ என்று சத்தம் கேட்கிறதே, அது சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் ஓவர்லோடு கட் ஆகி, மறுபடி சேரும் சத்தம். அடிக்கடி கேட்டால் அலட்சியம் வேண்டாம்.

மூன்றாவது, வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டக் கடலோரம் என்ன பாடுபட்டது என்பது அங்கே இருப்பவர்களுக்கு மறக்காது. முகாமிலிருந்து வீடு திரும்பியதும் முதலில் செய்வது என்ன? லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் போட்டுப் பார்ப்பதுதான். அதுதான் ஆபத்தான நேரம். உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. ஈரம் பட்டதும் அது கரண்டுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும்.

செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜ்: அறிவிப்பு யாருக்குப் போகும்?

இறால், நண்டு வாங்கி விற்பவர்கள், டீக்கடை, ஐஸ் விற்பவர்கள் எனப் பலரும் குறைந்த விலையில் பழைய ஃபிரிட்ஜோ ஃப்ரீசரோ வாங்குவது கடலோரத்தில் மட்டுமல்ல, எங்குமே நடப்பதுதான். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது.

கம்பெனியிடம் இருப்பது முதலில் வாங்கியவரின் பெயரும் போன் நம்பரும்தான். நாளைக்கே அந்த மாடலுக்கு ரீகால் அறிவித்தால் மெசேஜ் சென்னையில் இருக்கும் பழைய ஓனருக்குப் போகும். அவர் ‘அதை எப்பவோ வித்தாச்சு’ என்று டெலீட் செய்துவிடுவார். ஃபிரிட்ஜ் மட்டும் குப்பத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதை அடைக்க வழி ரொம்ப சிம்பிள். ஃபிரிட்ஜின் உள்பக்கச் சுவரிலோ பின்னாலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண், சீரியல் எண், என்ன கேஸ் என்பதெல்லாம் அதில் இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கம்பெனியின் கஸ்டமர் கேரில் அந்த எண்ணைச் சொல்லி, ‘இந்த மாடலுக்கு ஏதாவது பாதுகாப்பு அறிவிப்பு இருக்கா?’ என்று கேளுங்கள். உங்கள் பெயரில் பதிவு செய்யவும் சொல்லுங்கள். ஸ்டிக்கரே இல்லாத ஃபிரிட்ஜை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் இருப்பது நல்லது.

இந்தியாவில் ரீகாலுக்குச் சட்டம் இருக்கா?

இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆபத்தான பொருட்களைத் திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிடலாம். 2022இல், தர விதிகளை மீறி அமேசான் தளத்தில் விற்கப்பட்ட 2,265 பிரஷர் குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தரும்படி இந்த ஆணையம் உத்தரவிட்டது.

பொருளில் இருந்த குறையால் காயமோ, உயிரிழப்போ, சொத்து சேதமோ ஏற்பட்டால் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் மீது இழப்பீடு கோரவும் இதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது.

‘நான் ஃப்ரீசரை வியாபாரத்துக்குத்தானே வாங்கினேன், எனக்குப் பொருந்துமா?’ என்று கேட்கலாம். லாபத்துக்காக வாங்கும் வணிக நிறுவனங்களைச் சட்டம் நுகர்வோராகப் பார்ப்பதில்லை. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். கூடையில் மீன் விற்கும் பெண்ணின் சின்ன ஃப்ரீசருக்கும் பாதுகாப்பு உண்டு.

புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். வழக்கு என்றால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சனை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எரிந்த ஃபிரிட்ஜை உடனே காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பில், போட்டோ, தீயணைப்புத் துறை அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

* ஃபிரிட்ஜ் ஓடி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள் (ஈரக்கையோடு வேண்டாம்). நன்றாகச் சுட்டால், பழுப்பு நிறம் தெரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
* ஃபிரிட்ஜுக்குத் தனி பிளக் பாயிண்ட், எர்த் இரண்டும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.
* வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரென்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள்.
* பின்பக்கம் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வலை, சாக்கு, துணி எதையும் பின்னால் திணிக்காதீர்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.
* படகிலோ வண்டியிலோ படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே போடுங்கள்.
* தண்ணீர் புகுந்த ஃபிரிட்ஜை மெக்கானிக் பார்க்காமல் போடவே கூடாது.
* பல மாதம் பூட்டியிருந்த வீட்டில் முதலில் கதவு, ஜன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். அப்புறம்தான் சுவிட்ச்.
* கேஸ் நிரப்பும் மெக்கானிக்கிடம் ஸ்டிக்கரைக் காட்டுங்கள். அதில் போட்டிருக்கும் கேஸைத்தான் நிரப்ப வேண்டும்.
* ஓடாத ஃபிரிட்ஜை ஐஸ் பெட்டியாக வைத்திருந்தால் கதவின் பூட்டைக் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தீ வந்துவிட்டால்?

கருகல் வாடையோ புகையோ வந்தால், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் மெயினை ஆஃப் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லோரையும் எழுப்பி, குனிந்தபடியே வெளியேறுங்கள். வெளியே வரும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். புகை பரவுவது தாமதமாகும். பிறகு 101 அல்லது 112. பணமோ நகையோ எடுக்கத் திரும்ப உள்ளே போக வேண்டாம். குடிசைகள் நெருக்கமாக இருக்கும் குப்பம் என்றால் பக்கத்து வீட்டாரையும் எழுப்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் ஒரு குழாய் விரிசலுக்காக 9 லட்சம் ஃபிரிட்ஜ்களைத் தேடிப் போனார்கள்.  இங்கே கைமாறிக் கைமாறி வந்த ஃபிரிட்ஜைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அந்த ஸ்டிக்கரை இன்றைக்கு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.