வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற எருத்தொட்டி எது?

வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் நமது கடமை தீர்ந்தது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அக்குப்பை அப்பால் எங்கே செல்கின்றது, எவருக்கு என்ன தீங்கு செய்கின்றது என்று சிந்திப்பவர் சிலரே.

நமது அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், சுற்றுப்புறத்து ஊர்களின் குப்பையெல்லாம் கொட்டப்பட்ட இடத்தில், 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இரண்டு யானைகள் மாண்டு கிடந்தன. எட்டு ஆண்டுக் காலத்தில் அவ்விடத்துக் குப்பையை உண்டு இறந்த யானைகள் ஏறத்தாழ 20 என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. இறந்த யானைகளை அறுத்துச் சோதித்த மிருக வைத்தியர்கள் அவற்றின் வயிற்றிற் கண்டவை பொலித்தீனும், உணவு சுற்றிய உறைகளும், நீருமே. யானை இயல்பாக உண்ணும் தழையோ புல்லோ காணப்படவில்லை.

யானை பொலித்தீனை விரும்பியா வந்தது? இல்லை. அழுகிய காய்கறி, பழத்தோல், மிஞ்சிய சோறு ஆகியவற்றின் வாசனையே அதனை அழைத்தது. சோற்றையும் பொலித்தீனையும் ஒரே பையிற் கட்டி அனுப்பியவர் நாமே. ஆகவே, சமையலறைக் கழிவை வீட்டு வேலிக்கு உள்ளேயே நிறுத்திக்கொள்வது தோட்டத்திற்கு மட்டும் நன்மையன்று. ஊருக்கும் காட்டிற்கும் செய்யும் உபகாரமாகும். இலங்கையில் வீட்டுக் குப்பையிற் பாதிக்கும் மேற்பட்டது உக்கக்கூடிய பொருளே என்பதை நோக்கின், இதன் பயன் நன்கு விளங்கும்.

தொட்டியைத் தெரிவு செய்தல்

எருத்தொட்டி வாங்குவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். வளவு எவ்வளவு? நாள்தோறும் சேரும் கழிவு எவ்வளவு? மாரியில் வளவில் நீர் தேங்குமா?

இம்மூன்றாவது கேள்வியே கீழ்மாகாணத்தில் முதன்மையானது. நம் முன்னோர் அறிந்த எளிய முறை, கொல்லையில் ஒரு குழி தோண்டிக் கழிவையும் சருகையும் இட்டு மூடுவது. செலவற்ற முறைதான், எனினும் வயலும் குளமும் சூழ்ந்த இறக்காமம், வரிப்பத்தான்சேனை போன்ற இடங்களில் வாடைக்காற்று மழையைக் கொணரும் மாதங்களில் தாழ்ந்த வளவுகளிலுள்ள குழி நீர் நிரம்பிவிடும். நீர் நிரம்பினாற் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்திற் கழிவு உக்குவதில்லை, அழுகி நாறுகின்றது. மேட்டு நிலம் உடையோர் மட்டுமே குழியை நம்பலாம்.

இரண்டாவது, கம்பி வலையை வட்டமாக வளைத்தோ, மரத்தடிகளை நட்டோ அமைக்கும் கூடு. மூன்றடி அகலமும் மூன்றடி உயரமும் இருத்தல் நன்று. அவ்வளவு பெரிய குவியலே தனது சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். நன்கு அமைந்த குவியலின் நடுவே 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை வெப்பம் ஏறும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அதில் அழியும். ஆயின் கச்சான் காற்று வீசும் கோடையிற் கூடு விரைவில் உலர்ந்துவிடும். மரநிழலில் வைத்து, தென்னோலையால் மூடி, இடையிடையே நீர் தெளித்தல் அவசியம்.

மூன்றாவது, கடைகளில் விற்கப்படும் பிளாஸ்டிக் பீப்பா. சிறிய வளவுக்கு இதுவே தகுந்தது. மழை புகாது, கோழியும் நாயும் கிளறா. ஆனால் விலையையும் நிறத்தையும் பார்த்து ஏமாறலாகாது. அடிப்பாகம் திறந்திருக்கின்றதா, பக்கங்களிற் காற்றுத் துளைகள் உண்டா, மூடி இறுக்கமாகப் பொருந்துகின்றதா, உக்கிய எருவைக் கீழிருந்து எடுக்க வாயில் உண்டா என்று சோதித்து வாங்குக. அடி திறந்த பீப்பாவை மண்மேல் நேரே வைத்தால் மிகுதி நீர் வடியும், மண்புழு மேலேறும். எலி வராதிருக்க அடியிற் சிறுகண் கம்பி வலையை விரிக்கலாம். சிறு பீப்பாவிற் குவியலைப் போல் வெப்பம் ஏறாது என்பதனால், நோயுற்ற செடிகளையும் விதை முற்றிய களைகளையும் அதில் இடாதிருப்பது நலம்.

பழைய டயர்களை அடுக்கித் தொட்டியாக்குவோரும் உளர். டயரின் உட்புறத்தில் மழைநீர் தேங்கும்; தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். எருவுக்காக நோயை வளர்ப்பது அறிவுடைமையாகாது.

எதனைத் தெரிவு செய்தாலும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வைத்துக்கொள்வதே சிறந்தது. ஒன்று நிரம்பியபின் அதனை உக்கவிட்டு மற்றதை நிரப்பத் தொடங்கலாம். ஒரே தொட்டியில் நாள்தோறும் புதுக்கழிவை இட்டுக்கொண்டே இருந்தால் எரு ஒருபோதும் முதிராது.

நிரப்பும் முறை

தொட்டியை வாங்கிய பலர் சில வாரங்களில் "நாற்றம் தாங்கவில்லை" என்று கைவிட்டு விடுகின்றனர். குற்றம் தொட்டியினதன்று. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு வரை காபன் தேவை. சமையலறைக் கழிவில் நைதரசன் மிகுதி. வைக்கோல், உமி, காய்ந்த இலை ஆகியவற்றிற் காபன் மிகுதி. ஆதலால் ஒரு கூடை பச்சைக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று கூடை உலர்ந்த பொருள் என்று மாறிமாறி அடுக்க வேண்டும். நெல் விளையும் நமது பிரதேசத்தில் வைக்கோலுக்குக் குறைவில்லை. அதனை வயலிலே எரித்துப் புகையாக்குவதிலும் வீட்டுக்கு ஒரு கட்டுக் கொணர்ந்து தொட்டியருகே வைப்பது மேல்.

மீன் கழிவு, இறைச்சி, எலும்பு, எண்ணெய் கலந்த உணவு ஆகியவற்றைத் தொட்டியில் இடலாகாது. பெருநாட் காலத்து அறுவைக் கழிவை ஆழமாகப் புதைப்பதே முறை. உள்ளே இருப்பதைக் கையால் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும். ஒழுகினால் வைக்கோல் சேர்க்க. உலர்ந்திருந்தால் நீர் தெளிக்க. வாரம் ஒருமுறை கிளறி வந்தால் மூன்று மாதமளவிலும், கிளறாவிடின் ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் சென்று, மழை பெய்த மண்ணின் மணத்தோடு கரிய எரு கிடைக்கும்.

அளவறிந்து நம்புவோம்

கூட்டெருவைப் பற்றிப் பேசும்போது 2021ஆம் ஆண்டை மறத்தல் இயலாது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. விவசாயிகள் பெருந்துன்பத்துக்கு உள்ளாயினர். நெல் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. வீட்டுக் கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். ஒரே நாளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல் கூடாத காரியம்.

ஆனால் அந்தத் தோல்வி கூட்டெருவின் தோல்வியன்று, அவசரத்தின் தோல்வி. ஏக்கர்க் கணக்கான வயலுக்குப் போதாத எரு, பத்துக் கத்தரிச் செடிக்கும், நான்கு வெண்டிக்கும், கிணற்றடிப் பப்பாசி மரத்துக்கும் தாராளமாகப் போதும். மணல் மண்ணில் நீரைப் பிடித்து வைக்கும் குணமும் அதற்கு உண்டு. யூரியாவுக்கு அக்குணம் இல்லை.

தாய்மார்கள் குசினியில் இரண்டு வாளிகளை வைத்து, உக்குவதை ஒன்றிலும் உக்காததை மற்றொன்றிலும் இடட்டும். பாடசாலை மாணவர் தொட்டியைக் கிளறும் பொறுப்பை ஏற்று, வெப்பமும் மணமும் வாரந்தோறும் மாறுவதை ஒரு கொப்பியிற் குறித்து வரட்டும். அதைவிடச் சிறந்த விஞ்ஞான பாடம் வேறில்லை. அவர்கள் வேலிக்குள் நிறுத்திக்கொள்ளும் ஒவ்வொரு வாளிக் கழிவும், பள்ளக்காட்டு யானையை அழைக்காத ஒரு வாளியாகும்.